சி-4 தோற்க எழுபத்தொரு சதவீதம்

அந்தப் பல் லேபில் ‘பந்தயம்’ என்ற சொல்லை யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைய டீக்காசு அவர் தலையில் விழும். சொல்ல வேண்டிய சொல் ‘முதலீடு’. வைத்த பணம் போய்விட்டால் ‘தோத்துட்டோம்’ என்று புலம்பக் கூடாது. ‘இந்த வாரம் சந்தை சரியில்லை’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். இந்தச் சட்டங்களைக் கொட்டை எழுத்தில் எழுதி, பிளாஸ்டர் மூட்டைகளுக்கு மேலே சுவரில் ஒட்டியவர் நிதானம் அண்ணன். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு, அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். எவ்வளவு அவசர வேலை வந்தாலும் முதல் வார்த்தையாக “நிதானம்” என்பார். அதுவே பெயராகிவிட்டது.

லேப் என்பது ஒரு குறுகலான மாடிப்படி போய் முடிகிற இடத்தில் இருந்த நீளமான அறை. ஜன்னலோரம் மூன்று மேஜைகள், மூலையில் பீங்கான் சுடுகிற சின்ன அடுப்பு, நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் தூசி உறிஞ்சும் குழாய். பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயை அச்சு எடுத்து பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்புவார்கள். டப்பாவோடு ஒரு சீட்டு வரும். அதில் ஓர் எண், எந்தப் பல், என்ன சாயம், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. நிதானம் அண்ணன் பத்தொன்பது வருடமாகப் பல் செட்டு செய்கிறார். ஆயிரக்கணக்கான பேர் அவர் செய்த பல்லால் மென்றுகொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. “யாரு வாய்னு தெரிஞ்சா கை நடுங்கும்” என்பார்.

மெழுகில் பல்லைச் செதுக்குகிறவனுக்கு மெழுகு என்று பெயர். முப்பது வயது, வாய் ஓயாது. பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, பல்லை நிஜப் பல்லாக்குகிறவள் பீங்கான் அக்கா. நிதானம் அண்ணனைவிட ஐந்து வயது சின்னவள்தான். ஆனால் அவளை வேறு மாதிரிக் கூப்பிட அந்த லேபில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

இந்த மூன்று பேரும் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டு, அதை ஆட்டங்களில் முதலீடு செய்துகொண்டிருந்தார்கள். ஊரில் ஒருவன் நிலத்தில் போடுகிறான், ஒருவன் தங்கத்தில் போடுகிறான், நாம் ஆட்டத்தில் போடுகிறோம், இதில் என்ன பெரிய வித்தியாசம் என்பது நிதானம் அண்ணனின் வாதம். எந்த அணி ஜெயிக்கும் என்பது அவருக்குக் கேள்வியே இல்லை. விலை சரியா, அதுதான் கேள்வி. ஓர் அணி தோற்பதற்கு அறுபது சதவீதம் வாய்ப்பு இருக்கும்போது சந்தை ஐம்பது என்று விலை சொன்னால் வாங்கு, இல்லாவிட்டால் விடு. ஆட்டம் தொடங்கும்வரை, வாங்கிய இடத்தை வேறு ஒருவர் தலையில் கட்டிவிட்டு வெளியேறவும் வழி உண்டு. கணக்கு அவர் பெயரில் இருந்தது.

அவர்கள் வேலை செய்த முறைதான் விசேஷம். ஆட்டச் செய்திகளை மெழுகு மட்டும் படிப்பான். படித்து, அணிகளின் பெயரை எல்லாம் நீக்கிவிட்டுப் பல் சாய அட்டையில் உள்ள குறியீடுகளைப் போடுவான். ஏ-1 என்றால் பளிச்சென்ற வெள்ளை, நன்றாக ஆடுகிற அணி. சி-4 என்றால் நாற்பது வருடம் புகை பிடித்தவர் பல், கடைசி இடத்தில் கிடக்கிற அணி. எந்த நாடு, எந்த லீக், ஆடுகிறவர்கள் ஆணா பெண்ணா என்பதுகூட மற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. குறியீடுகளை வைத்து நிதானம் அண்ணன் சதவீதம் போடுவார். பீங்கான் அக்கா ஒத்துக்கொண்டால் பணம் போகும், அவள் உதட்டைப் பிதுக்கினால் போகாது. ஆட்டத்தை மூவரும் பார்க்கக் கூடாது. முடிவு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத்தான் தெரிய வரும். அந்த நேரத்தில்கூட யாரும் தலையை நிமிர்த்துவதில்லை, பல்லை ராவிக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கென்றால், பதினொரு வருடத்துக்கு முன்னால் நிதானம் அண்ணன் நிதானமாக இல்லை. அப்போது அவருக்கு உயிருக்கு உயிரான ஓர் அணி இருந்தது. ஆட்டம் இருக்கிற நாளில் சோறு இறங்காது. ஆசையோடு பணம் வைப்பார், ஆத்திரத்தோடு இரண்டு மடங்கு வைப்பார். ஒரு நாள் கடைசி நிமிடத்தில் கோல் விழுந்ததும் கையில் இருந்த டம்ளரை டிவி மேல் விட்டெறிந்தார். டிவி போனதுகூடப் பெரிதில்லை. எட்டு வயது மகள் அந்த டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள், கண்ணாடித் துண்டு அவள் புத்தகத்தில் விழுந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மனைவி சத்தம் போடவில்லை. “இனிமே ஒரு ஆட்டத்தப் பாத்தீங்கன்னா நானும் இவளும் இங்க இருக்க மாட்டோம்” என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் எந்த ஆட்டத்தையும் பார்க்கவில்லை. பாசம் இருக்கிற இடத்தில்தான் பணம் போகிறது என்று முடிவு கட்டிக்கொண்டார். அப்படி அவர் முடிவு கட்டியபிறகு நிஜமாகவே பணம் சேர்ந்தது, வருடத்துக்கு வங்கி வட்டியைப்போல இரண்டு மடங்கு.

வேடிக்கை என்னவென்றால், அந்த மகள் வளர்ந்து கால்பந்து ஆடப் போனாள். கோல்கீப்பர். பத்தொன்பது வயதில் ஒரு பெண்கள் கிளப்பில் மூன்றாவது கீப்பராகச் சேர்ந்தாள். மூன்றாவது கீப்பர் என்றால் பயிற்சியில் பந்து பொறுக்குகிறவள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கையுறைக்கும் ஷூவுக்கும் பணம் கேட்டால் நிதானம் அண்ணன் உடனே கொடுப்பார். பயிற்சி ஆட்டம், பள்ளி ஆட்டம், தெருப் போட்டி என்று எதற்கும் அவர் போனதில்லை. அம்மாதான் போவாள். கூப்பிட்டால் அவர் சொல்கிற பதில் ஒன்றே ஒன்று: “உங்கம்மாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன்.” அவள் பதினைந்து வயதில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மெழுகு ஒரு சீட்டை அவர் மேஜையில் வைத்தான்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை சி-4-க்கும் பி-2-க்கும். சி-4-ல முதல் கீப்பருக்கு விரல் ஒடஞ்சிடுச்சு. ரெண்டாவது கீப்பர் காய்ச்சல்ல படுத்தாச்சு. மூணாவது ஆளு எறங்குது. ஒரு ஆட்டம்கூட ஆடினதில்ல.”

“சந்தைக்குத் தெரியுமா?”

“எங்க தெரியும்? இந்த லீக்க எல்லாம் எவன் பாக்கறான்? விலை போன வாரம் இருந்த மாதிரியே தூங்குது. சி-4 தோக்க அம்பத்தஞ்சுன்னு சொல்லுது.”

நிதானம் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தார். அனுபவமே இல்லாத கீப்பருக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் ஆறு வருடப் பட்டியல் இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தார். சி-4 தோற்க எழுபத்தொரு சதவீதம். ஆறு வருடத்தில் இவ்வளவு பெரிய இடைவெளி அவர் கையில் சிக்கியதில்லை. வழக்கமாக ஒரு முறைக்குப் பொதுப் பணத்தில் இரண்டு சதவீதத்துக்கு மேல் தொடமாட்டார். அன்று பத்து சதவீதம் என்றார். பீங்கான் அக்கா தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு முறை கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பணம் போனது. மூவரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மகள் முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள்:

“அம்மா, ஞாயித்துக்கிழமை நான் எறங்கறேன்.”

“எங்க எறங்கற?” என்றாள் அம்மா.

“ஆட்டத்துலம்மா! முதல் கீப்பர் அக்கா விரல ஒடச்சுகிட்டா. இன்னொருத்திக்குக் காய்ச்சல், நூத்தி மூணு. கோச்சுக்கு வேற வழி இல்ல, நான்தான்.”

அம்மாவின் முகம் முதலில் பூரித்தது, அப்புறம் வாடியது. அவள் ஒரு மருத்துவமனையில் பில் போடுகிறவள். அந்த ஞாயிறு அவளுக்கு டியூட்டி, மாற்றிக்கொள்ள ஆள் கிடையாது. அம்மாவும் மகளும் யாரிடம் கேட்கலாம், யாரை மாற்றலாம் என்று பேசிக்கொண்டே போனார்கள். நிதானம் அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல், காய்ச்சல், மூணாவது ஆளு. காலையில் மெழுகு சொன்னது அப்படியே, வரிசைகூட மாறாமல் வந்தது.

மகள் குளிக்கப் போனதும் மனைவியிடம் சொன்னார். அவளிடம் எதையும் மறைக்கிற பழக்கத்தை டிவியோடு விட்டிருந்தார்.

அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். “அவ தோப்பான்னு காசு கட்டியிருக்கீங்களா?”

“அவதான்னு தெரியாது. சி-4-ன்னு தான்...”

“அந்த ஃபாரம் ஞாபகம் இருக்கா?”

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கிளப்பில் சேர்ந்தபோது மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியிருந்தாள். ‘என் குடும்பத்தில் யாரும் இந்த லீக்கின் ஆட்டங்களில் பந்தயம் கட்டுவதில்லை’ என்று அதில் இருந்தது. கட்டினால் ஆட்டக்காரருக்கு இரண்டு வருடத் தடை. அவர் அதை முழுவதும் படித்தார். பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தில் பந்தயம் கட்டுகிற அப்பன்களும் இருப்பார்களோ என்று வருத்தப்பட்டார். நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மனதில் ஒரு துளிக் குறுகுறுப்பும் இல்லை. டீக்காசு அபராதத்துக்குப் பயந்து ஆறு வருடமாக அந்தச் சொல்லை வாயில் வராமல் பார்த்துக்கொண்ட மனுஷன், தான் செய்வதற்கு அந்தப் பெயரே கிடையாது என்று உண்மையிலேயே நம்பிவிட்டிருந்தார்.

“நாளைக்கு வெளிய வந்துடறேன்” என்றார்.

“வாங்க. ஆட்டம் முடியற வரைக்கும் அவகிட்ட வாயத் தொறக்காதீங்க. புள்ள நிம்மதியா ஆடட்டும்.” தட்டை எடுத்துக்கொண்டு இரண்டு அடி போனவள் திரும்பினாள். “ஞாயித்துக்கிழமை நீங்க போங்க.”

“எங்க?”

“கிரவுண்டுக்கு. நான்தான பாக்கக் கூடாதுன்னு சொன்னேன், நானே சொல்றேன். போய் உக்காருங்க. அங்க எதையும் ஒடச்சிடாதீங்க.”

சனிக்கிழமை லேப் அரை நாள். நிதானம் அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் மெழுகின் முகத்தில் ஈயாடவில்லை. அணியின் பெயரைத் தெரிந்து வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். அண்ணனுக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஏதோ பந்தாட்டம் ஆடுகிறாள் என்பதும் அவனுக்குத் தெரியும். எந்தக் கிளப் என்று அவன் கேட்டதில்லை. அந்த அறையில் யாரைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் எண்தான்.

“வித்துடுங்கண்ணே. காசு போனா போகுது” என்றான் அவன்.

பீங்கான் அக்கா தூரிகையைக் கழுவி, துடைத்து, கூட்டில் வைத்துவிட்டுப் பேசினாள்.

“வித்துடுங்க. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சி-4 தோத்துச்சுன்னா எங்க ரெண்டு பேருக்கும் வர வேண்டிய லாபத்த நீங்க குடுக்கணும்.”

“அக்கா!” என்றான் மெழுகு.

“நீ இரு. அண்ணே, நான் சொந்தமா ஒரு அடுப்பு வாங்க ஆறு வருஷமா சேக்கறேன். கணக்கு சரி, விலை சரி, எல்லாம் நீங்க போட்டதுதான். உங்க பாசத்துக்கு நான் ஏன் காசு கட்டணும்?”

அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. உணர்ச்சிவசப்பட்டு எடுக்கிற முடிவின் நஷ்டம் எடுத்தவரையே சேரும் என்று சுவரில் எட்டாவது சட்டமாக எழுதி ஒட்டியிருந்தவர் அவரேதான். “சரி” என்றார். கணக்கைத் திறந்து இடத்தை விற்றார். கொஞ்சம் கைநஷ்டம், அதையும் தன் பங்கில் கழித்துக்கொண்டார். கழித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தபோதுதான் தான் செய்திருக்கிற வேலை புரிந்தது. மகள் தோற்றால் அவருடைய இரண்டு மாதச் சம்பளம் போகும். தோற்காவிட்டால் ஒன்றும் வராது. இருபத்தொன்பது சதவீதம்தான் தேறும் என்று தானே கணக்குப் போட்ட அணியின் பக்கம், எந்த லாபமும் இல்லாமல், மொத்த நஷ்டத்தையும் தலையில் வாங்கிக்கொண்டு நிற்கிறார். ஆறு வருடத்தில் இதைவிட மோசமான முதலீட்டை அந்த அறை பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு மைதானத்துக்குப் போனார். சிமென்ட் படிகளில் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கோலுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தார். வலைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஓர் ஒல்லியான உருவம் வந்து கம்பத்தை இடது கையால் ஒரு தட்டு, வலது கையால் ஒரு தட்டு தட்டியது. நடையை வைத்துத்தான் மகள் என்று கண்டுபிடித்தார். வீட்டில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண், இங்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆட்களை அதட்டினாள். “வலது பக்கம் போ! அவள விடாத, விடாதன்னு சொல்றேன்ல!” அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை.

பி-2 நல்ல அணி. பத்து நிமிடத்துக்கொரு தரம் ஏறி வந்தார்கள். அவர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எதையும் எறிந்துவிடக் கூடாதே என்ற பயம். பன்னிரண்டாவது நிமிடத்தில் மகள் வலப்பக்கம் பாய்ந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். முப்பதாவது நிமிடத்தில் தனியாக ஓடி வந்த ஒருத்தியின் காலடியில் விழுந்து பந்தைப் பிடுங்கினாள். முட்டி உரசிய சத்தம் அவர் வரைக்கும் கேட்டது. அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்த உணர்ச்சி என்னவென்று ஒரு நொடி புரியவில்லை, அவ்வளவு நாளாகியிருந்தது. இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பியவள் அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். சிரிக்கவில்லை, கையும் காட்டவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அணிகள் பக்கம் மாறியதும் அவரும் எழுந்து, மகள் நின்ற மறுகோடி கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

எண்பத்தாறு நிமிடம் வரை கோல் இல்லை. எண்பத்தேழில் ஒரு கார்னர் உதை. பந்து உயரமாக வந்தது. மகள் கோலை விட்டு வெளியே வந்தாள், குத்தித் தள்ளக் குதித்தாள், கை பந்துக்கு ஒரு விரற்கடை கீழே போனது. பின்னால் நின்ற ஒருத்தியின் நெற்றியில் பட்டு, பந்து அவருக்கு நேராக வந்து வலையில் மோதி நின்றது.

அவர் எதையும் எறியவில்லை. “ஐயோ” என்றார், அதுவும் மெதுவாக. மகள் தரையில் குப்புறக் கிடந்தாள். எழுந்திரு, எழுந்திரு என்று அவர் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது பின்படியில் ஒருவன் தன் சிநேகிதனிடம் சத்தமாகச் சொன்னான்:

“இவ்வளவு நேரம் பிடிச்சவ இத விடுவாளா? எவன்கிட்டயோ காசு வாங்கிட்டாடா.”

நிதானம் அண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. திரும்பி அவன் சட்டையைப் பிடித்து, அவ என் பொண்ணுடா, நாக்கை அடக்கிப் பேசு என்று உலுக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்தும்விட்டார். அப்புறம் நேற்று காலை வரை தன் பெயரில் கிடந்த பணம் ஞாபகம் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவனைக் கேட்பது? இதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

சி-4 ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

பேருந்து நிறுத்தத்தில் அப்பாவும் மகளும் நின்றார்கள். மகளின் தாடையில் மண் ஒட்டியிருந்தது. அவளும் துடைக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருந்துகளைக் கூட்டம் என்று விட்டார்கள். அப்புறம் அவர் சொல்ல ஆரம்பித்தார். சி-4, எழுபத்தொரு சதவீதம், ஃபாரம், விற்றது, பீங்கான் அக்கா கேட்டது என்று ஒன்று விடாமல், லேபில் கணக்கு ஒப்பிப்பதைப்போல ஒரே குரலில் சொன்னார். பின்படிக்காரன் பேசியதை மட்டும் சொல்லவில்லை.

மகள் முழுவதையும் கேட்டாள். கையுறையின் பட்டையைப் பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தாள்.

“அப்ப நான் தோக்காம இருக்க இருபத்தொம்பதா?”

“ஆமா.”

“பரவால்லையே. கோச் பத்துன்னாரு.” கொஞ்சம் சிரித்தாள், அது சரியாக வரவில்லை. “நான்னு தெரிஞ்சிருந்தா?”

“தெரிஞ்சிருந்தா போட்டிருக்கவே மாட்டேன்.”

“அத கேக்கல. நான்னு தெரிஞ்சிருந்தா எத்தனை சதவீதம் குடுத்திருப்ப?”

முப்பது, முப்பத்தைந்து என்று எதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வேறு எந்த அப்பாவும் நூறு என்று சொல்லித் தோளைத் தட்டியிருப்பார். நிதானம் அண்ணனுக்கு அது வரவில்லை. எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அவள் எந்தப் பக்கம் நன்றாகப் பாய்வாள், உயரமான பந்துக்குப் பயப்படுவாளா, கோல் விழுந்தபின் எப்படி எழுந்திருப்பாள், இதில் ஒன்றாவது நேற்றுவரை தெரியுமா என்று தேடிப் பார்த்தார். பதினொரு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

“அதே இருபத்தொம்பதுதான்” என்றார். “உன்னப் பத்தி என்கிட்ட வேற ஒண்ணும் இல்லம்மா.”

மகள் அவரைப் பார்க்கவில்லை, பேருந்து வருகிற திசையைப் பார்த்தாள். இரண்டு மாதச் சம்பளம் போனது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோல் விழுந்ததிலிருந்து அதுவரை ஒரு முறைகூட உறைக்கவில்லை.

மூன்றாவது பேருந்து தூரத்தில் திரும்பியது.

“அக்கா விரல் ஆற ஆறு வாரம் ஆகும்” என்றாள் மகள். “அதுவரைக்கும் நான்தானாம். இன்னைக்கு இவ்வளவு ஆனப்புறமும் கோச் சொல்லிட்டாரு.”

“ஆறு ஆட்டம்” என்றார் அவர்.

“ஆமா.”

“ஆறு ஆட்டம் பாத்தா ஒரு சரியான எண் சொல்லிடலாம்.”

“எண்ணெல்லாம் வேணாம்ப்பா” என்றாள் அவள், பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே. “சும்மா வா.”

பேருந்து வந்து நின்றது. அவள் ஏறினாள், அவரும் பின்னாலேயே ஏறினார். சும்மா போய் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது.